அஞ்சலுக்குச் செல்லாத வில்லைகள்: காசநோய் நிதி வில்லையின் வரலாற்றுத் தடம்

அஞ்சல்தலை சேகரிப்பவர்களின் ஆல்பத்தில் சில ஒட்டுச்சீட்டுகள் எப்போதும் கடைசிப் பக்கங்களுக்கே தள்ளப்படும். ஓரத்தில் துளைப்பல், பின்புறம் பசை, முன்புறம் படம் என்று எல்லா வகையிலும் அவை அஞ்சல்தலையையே ஒத்திருக்கும். ஆனால் அவற்றை மட்டும் ஒட்டிக் கடிதம் போட்டால் அது தண்டத் தபாலாகிப் போகும். இவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பொதுப்பெயர் ‘சிண்டிரெல்லா’. மாற்றாந்தாய் வீட்டில் அடுப்படியில் கிடந்த பெண்ணின் பெயர் அது; பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் வில்லைகளும் காசநோய் வில்லைகளும் இந்தக் கூட்டத்தில் ஒரு பெரிய குடும்பம்.

இந்த வில்லைகளைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் படத்தைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள்: மணி, மெழுகுவத்தி, பனி, குழந்தை. அவற்றின் வரலாற்றை நடத்திச் சென்றது படமல்ல, விலைதான் என்பது என் துணிபு. அதற்கான சான்று வில்லை பிறப்பதற்கு 7 ஆண்டுகளுக்கு முன்னரே கிடைக்கிறது.

1897இல் விக்டோரியா அரசியின் வைர விழாவையொட்டி, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றம் காசநோயாளர் இல்லத்துக்காக இரண்டு அஞ்சல்தலைகளை வெளியிட்டது. ஒன்றின் அஞ்சல் மதிப்பு 1 பென்னி, விற்ற விலை 1 ஷில்லிங். மற்றொன்றின் மதிப்பு இரண்டரைப் பென்னி, விலை 2 ஷில்லிங் 6 பென்ஸ். இரண்டிலும் விலை மதிப்பைப் போல 12 மடங்கு, எஞ்சியதெல்லாம் இல்லத்துக்கு. நன்கொடை சேர்த்து விற்ற அஞ்சல்தலைகளில் உலகிலேயே முதலாவது என்று இவற்றைச் சேகரிப்பாளர்கள் கொண்டாடுகிறார்கள். அதே ஆண்டு லண்டனில் வேல்ஸ் இளவரசரின் மருத்துவமனை நிதிக்காக அஞ்சல் மதிப்பே இல்லாத வில்லைகள் அச்சாயின. அவற்றின் விலையும் 1 ஷில்லிங், 2 ஷில்லிங் 6 பென்ஸ். நோக்கத்தில் பழுதில்லை. ஆனால் 1 பென்னிக்குக் கடிதம் போகும் ஊரில் 1 ஷில்லிங் கொடுத்து வில்லை வாங்குபவர் யார்? வசதி படைத்தவரும், சேகரிப்பாளரும், அரச குடும்பத்தின் மேல் பற்றுள்ளவரும்தான். காசநோயோ நெசவாலைத் தொழிலாளியின் ஒற்றை அறையிலிருந்து அரண்மனை வரை போய்வரும் நோய். கொடுப்பவர் வட்டம் நோயின் வட்டத்தைவிட மிகச் சிறியதாக இருந்தது.

அந்த வட்டத்தை விரித்தவர் ஓர் அஞ்சல் ஊழியர்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஐனர் ஹோல்போல் 1903ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் நெருக்கடியில் வாழ்த்துக் கடிதங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது இந்த யோசனை பிறந்ததாக வரலாறு சொல்கிறது. அலையலையாக வரும் அத்தனை உறைகளிலும் அஞ்சல்தலையோடு இன்னொரு சிறு சீட்டும் சேர்ந்தால், அதில் வரும் காசைக் காசநோய் கண்ட குழந்தைகளுக்குத் தரலாமே என்று அவர் நினைத்தார். நம் வீடுகளில் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டுவைக்கும் பிடியரிசி வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். தானத்துக்கென்று தனியாக எழுந்து போக வேண்டியதில்லை. எப்படியும் செய்கிற வேலையின் நடுவில் அது நடந்துவிடும். பிடியரிசிக்கு உலைநேரம் என்றால், ஹோல்போலுக்கு வாழ்த்து மடல் எழுதும் நேரம்.

அஞ்சல் துறை இசைந்தது. அரசர் ஒன்பதாம் கிறிஸ்டியன் ஒப்புதல் தந்தார். 1898இல் மறைந்த அவர் துணைவி லூயிஸ் அரசியின் உருவம் முதல் வில்லையில் இடம்பெற்றது. 1904 டிசம்பரில் விற்பனைக்கு வந்த அதன் விலை 2 ஓரே, அதாவது ஒரு குரோனில் ஐம்பதில் ஒரு பங்கு. முதல் ஆண்டிலேயே 40 லட்சத்துக்கும் மேல் விற்றது. லண்டன் வில்லையிலும் அரச குடும்பத்தின் பெயர் இருந்தது, டேனிய வில்லையிலும் இருந்தது. இரண்டுக்கும் இடையே மாறியது விலை மட்டுமே. படம் விற்றதா விலை விற்றதா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

திரண்ட பணம் கட்டடமாயிற்று. கோல்டிங் நகருக்கு அருகே, கடற்கழியின் கரையில் குழந்தைகளுக்கான சானடோரியம் 1911இல் திறக்கப்பட்டது. ஏன் கட்டடம்? 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்ததோடு இது குடும்பத்தில் வழிவழியாக வரும் சாபமல்ல, தொற்று என்பது உறுதியாயிற்று. ஆனால் கிருமியைக் கொல்லும் மருந்து இன்னும் 60 ஆண்டுகளுக்கு வரவில்லை. ஓய்வு, ஊட்டமான உணவு, திறந்த சாளரம், வெயில், நோயற்றவரிடமிருந்து விலகல் ஆகியவையே அன்றைய மருத்துவம். இவற்றை ஒரே இடத்தில் தருவது சானடோரியம். தாம்பரத்தை அடுத்து ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டதால் நமக்கு இந்தச் சொல் அந்நியமில்லை. 1928இல் டாக்டர் சௌரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் இல்லத்தை 1937இல் அரசு ஏற்றுக்கொண்டது.

வட ஐரோப்பாவில் வில்லை பரவியது இயல்பான வேகத்தில். சுவீடன் அதே 1904இல், நார்வே 1906இல். அட்லாண்டிக்கைக் கடந்த கதைதான் சற்று நின்று பார்க்க வேண்டியது.

டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற இதழாளர் ஜேக்கப் ரீஸ், நியூயார்க்கின் குடிசைக் குடியிருப்புகளைப் படம்பிடித்துக் காட்டியவர். உடன்பிறந்தார் பலரைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். தாய்நாட்டிலிருந்து வந்த கடிதத்தில் இருந்த வில்லையைப் பற்றி 1907இல் ‘அவுட்லுக்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் வாழ்ந்த எமிலி பிஸ்ஸெல் அதைப் படித்தார். பிராண்டிவைன் ஆற்றங்கரையில் அவருடைய உறவினரான ஒரு மருத்துவர் நடத்திய சிறு காசநோய் இல்லம் 300 டாலர் இல்லாமல் மூடப்படும் நிலையில் இருந்தது. பிஸ்ஸெல் தாமே ஒரு வில்லையை வரைந்தார்: ஹாலி இலை வளையம், செஞ்சிலுவை, ‘மெரி கிறிஸ்துமஸ்’. கடன் வாங்கி 50,000 அச்சடித்து, 1907 டிசம்பரில் வில்மிங்டன் அஞ்சலகத்தில் ஒன்று 1 சென்ட் என்று விற்கத் தொடங்கினார்.

விற்பனை மந்தமாகவே இருந்தது. பிலடெல்பியாவின் ‘நார்த் அமெரிக்கன்’ நாளிதழில் ஒரு பத்தி எழுத்தாளர் இதைக் கையில் எடுத்த பிறகுதான் சூடுபிடித்தது. ஆங்கிலத்தில் ‘ஸ்டாம்ப்’ என்பது அஞ்சல்தலையையும் குறிக்கும், காலால் மிதித்து அணைப்பதையும் குறிக்கும். அந்தச் சிலேடையே பரப்புரையின் முழக்கமாயிற்று. 300 டாலர் தேடிப் புறப்பட்டவருக்கு 3,000 டாலர் கிடைத்தது. அடுத்த ஆண்டு செஞ்சிலுவைச் சங்கம் நாடு முழுவதும் விற்றதில் 1,35,000 டாலர் சேர்ந்தது. வண்டி இழுப்பவரும் செய்தித்தாள் விற்கும் சிறுவனும் 1 சென்ட்டை நீட்டியதைப் பற்றி அக்கால இதழ்கள் உருகி எழுதின. உருக்கத்தில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் 1 ஷில்லிங் வில்லைக்கு அப்படியொரு கதையை யாரும் கற்பனைகூடச் செய்திருக்க முடியாது.

வில்லையில் வரும் சின்னத்துக்கும் ஒரு கதை உண்டு. 1902இல் பெர்லினில் கூடிய பன்னாட்டு மாநாட்டில் பாரிஸ் மருத்துவர் கில்பர்ட் செர்சிரோன் முன்மொழிந்த இரட்டைக் குறுக்குச் சிலுவை, காசநோய் ஒழிப்பின் அடையாளமாக ஏற்கப்பட்டிருந்தது. அமெரிக்க வில்லையில் தொடக்கத்தில் இருந்தது செஞ்சிலுவை. முதல் உலகப் போருக்குப் பின் அந்நாட்டுக் காசநோய்ச் சங்கம் விற்பனையைத் தனித்து நடத்தத் தொடங்கியதும் அந்த இடத்தில் இரட்டைச் சிலுவை ஏறியது. சேகரிப்பாளர் இதைக் கொண்டே ஒரு வில்லையின் காலத்தைத் தோராயமாகச் சொல்லிவிடலாம்.

பின்னர் சங்கம் வில்லைத் தாள்களை வீட்டு முகவரிகளுக்கே அனுப்பியது. பிடித்தால் வைத்துக்கொண்டு காசு அனுப்புங்கள் என்பது ஏற்பாடு. நிதி பெருகியது. சேகரிப்பாளரைப் பொறுத்தவரை ஒரு விந்தை நேர்ந்தது. அப்படி வந்த தாள்கள் மேசை இழுப்பறைகளிலேயே தங்கிப்போனதால், அந்தக் கால வில்லைகள் கசங்காத முழுத் தாளாக இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. 1907ஆம் ஆண்டு வில்லைக்கோ நல்ல விலை. அதிலும் ‘மெரி கிறிஸ்துமஸ்’ மட்டும் உள்ளது ஒரு வகை, புத்தாண்டு வாழ்த்தும் சேர்ந்தது மறு வகை என்று பிரித்துத் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஆய்வாளருக்கு முழுத் தாளால் பெரிய பயனில்லை. உறையில் அஞ்சல்தலைக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டு, தேதி முத்திரையின் வளையம் இரண்டின் மேலும் விழுந்திருக்கும் வில்லையே ஆவணம். எந்த ஊரில், எந்த நாளில், யாருக்கு எழுதிய கடிதத்தில் ஒருவர் அந்த 1 சென்ட்டைச் செலவிட்டார் என்பதை அது சொல்லிவிடும்.

படம் முக்கியமில்லை என்று மேலே சொன்னேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு: கொரியா.

சியோலில் மருத்துவ ஊழியப் பெற்றோருக்கு 1893இல் பிறந்தவர் ஷெர்வுட் ஹால். மேலை மருத்துவம் கற்ற முதல் கொரியப் பெண்ணான எஸ்தர் பாக், அவர் தாயாரின் மாணவி. எஸ்தர் 1910இல் காசநோயால் இறந்தார். ஹால் காசநோய் மருத்துவரானதற்கு அந்த இழப்பும் ஒரு காரணம். 1928இல் ஹேஜு நகரில் சானடோரியம் திறந்து, 1932இல் கொரியாவின் முதல் கிறிஸ்துமஸ் வில்லைக்குத் திட்டமிட்டார். அவர் முதலில் தேர்ந்த படம் ஆமைக் கப்பல். 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானியக் கடற்படையைக் கொரியர் முறியடித்த கப்பல் அது; அதன் பீரங்கி காசநோயைக் குறிபார்ப்பதாக வரைவதே எண்ணம். ஆண்டுகொண்டிருந்ததோ ஜப்பான். அனுமதி மறுக்கப்பட்டது. ஹால் சியோலின் தென்வாயிலான நம்தேமுனை வரைந்து, நோய்க்கு எதிரான கோட்டை என்று பொருள் சொல்லி ஒப்புதல் வாங்கினார். வாயிலும் கொரியரின் பெருமைச் சின்னமே என்பதை அதிகாரிகள் கவனிக்கவில்லையா, கவனித்தும் விட்டுவிட்டார்களா? 1940 வரை ஆண்டுதோறும் அவருடைய வில்லைகள் வந்தன. சிலவற்றுக்கு மரச்செதுக்கு ஓவியர் எலிசபெத் கீத் படம் வரைந்தார். 1940இலேயே ஹாலும் அவர் மனைவியும் கொரியாவிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். போன இடம் இந்தியா. அஜ்மீருக்கு அருகே மதார் சானடோரியத்தில் 1963 வரை பணியாற்றினார்.

இந்தியாவுக்கு வில்லை வருவதற்கு முன்பே வில்லையின் தாய்நாட்டிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அன்றைய சென்னை மாகாணத்தில் மதனப்பள்ளிக்கு அருகே உருவான ஆரோக்கியவரம் சானடோரியத்தின் முதல் தலைமை மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட் மோலர், டேனிய மிஷன் மருத்துவர். 1939இல் இந்தியக் காசநோய்ச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் மருத்துவ ஆணையரானார்.

அந்தச் சங்கம் 1950இல் காசநோய் வில்லை இயக்கத்தைத் தொடங்கியது. இங்கே கிறிஸ்துமஸ் உதிர்ந்துவிட்டது. விற்பனை காந்தி பிறந்த நாளான அக்டோபர் 2 அன்று தொடங்கிக் குடியரசு நாள் வரை நடக்கும். மேலை நாட்டுத் திருநாளின் இடத்தில் குடியரசின் நாட்காட்டி வந்து அமர்ந்தது; சிலுவைப்போர் வீரர்களின் கொடியோடு தொடர்புடைய இரட்டைச் சிலுவையோ மருத்துவச் சின்னமாக அப்படியே தங்கிவிட்டது. டென்மார்க்கில் வில்லை வாழ்த்து மடலைப் பற்றிக்கொண்டு பரவியது. இங்கே அப்படியொரு மடல் வழக்கம் எல்லா வீட்டிலும் இல்லை; எனவே அது பள்ளிக்கூடத்தைப் பற்றிக்கொண்டது. ஆசிரியர் கையில் ஒரு தாளைத் திணித்து, நாளைக்குக் காசோடு வா என்று சொன்னதும், அப்பாவிடம் கேட்கப் பயந்து அத்தையிடம் போய் நின்றதும் பலருக்கு நினைவிருக்கும். கொடுத்த காசுக்கு வந்த வில்லையை உறையில் ஒட்டியவர் குறைவு. கணக்கு நோட்டின் அட்டையில்தான் அவை ஒட்டப்பட்டன. முத்திரை விழுந்த இந்திய வில்லை உறை தேடுபவர்கள் சலித்துப்போவதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

வில்லைக் காசு எழுப்பிய கட்டடங்களுக்கு முடிவு மருந்தில் வந்தது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின், 1952இல் ஐசோனியசிட். மருந்து மட்டும் போதுமா என்ற கடைசி ஐயத்தைத் தீர்த்தது சென்னை. 1956இல் இங்கே அமைந்த காசநோய் வேதிமருத்துவ மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரை நெருக்கடியான வீடுகளிலேயே வைத்தும், மற்றவர்களைச் சானடோரியத்தில் சேர்த்தும், ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்து ஒப்பிட்டது. 1959இல் வெளியான முடிவு: வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தார்கள்; அவர்களால் வீட்டாருக்குத் தொற்று கூடவும் இல்லை. காற்றும் வெயிலும் ஓய்வும் தேடி மலையடிவாரங்களில் எழுந்த கட்டடங்களுக்கு இனித் தேவையில்லை என்பது உலகுக்கு விளங்கியது. கோல்டிங் கடற்கழிச் சானடோரியம் இன்று ஒரு தங்கும் விடுதி. டேனிய வில்லை மட்டும் நிற்கவில்லை. பின்னாளில் அரசியான மார்கிரேத 1970இல் அதற்குப் படம் வரைந்தார். அதன் வருவாய் இப்போது வேறு துன்பங்கள் உள்ள குழந்தைகளின் இல்லங்களுக்குப் போகிறது.

சேகரிப்பாளர்கள் 1931இல் அமெரிக்காவில் தனிச் சங்கம் அமைத்தார்கள். டிக் கிரீன் தொகுத்த உலகக் காசநோய் வில்லைப் பட்டியலே இன்றும் கைநூல். பட்டியலும் சரி, அதைப் பின்பற்றி அடுக்கும் ஆல்பமும் சரி, நாடு வாரியாகவே நகரும். டென்மார்க் பக்கத்தில் ஹோல்போல் கிடைப்பார். அவர் இறந்த 1927ஆம் ஆண்டின் வில்லையில் அவர் முகமே உண்டு. ஹேஜுவிலிருந்து அஜ்மீருக்குப் போன ஹாலைத் தேடுபவர் கொரியப் பக்கம் முடிந்ததும் நின்றுவிட வேண்டும். கோபன்ஹேகனில் பிறந்த வழக்கத்துக்கும் மதனப்பள்ளியில் வேலை பார்த்த டேனிய மருத்துவருக்கும் இடையே கோடு இழுக்க ஆல்பத்தில் இடமே இல்லை.