காந்த வட்டச்சாலை

1972ஆம் ஆண்டு பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டை எழுந்தது. அதே ஆண்டு அங்கு வந்த ஹியூலட் பேக்கார்ட் நிறுவனத்தின் தொடக்க வேலை, கணினி நினைவகத்திற்காகச் சின்னஞ்சிறு காந்த வளையங்களில் மெல்லிய கம்பி கோப்பது. பூத்தொடுக்கும் கைகளுக்கு அது சுலபம் என்பார்கள். கோத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அந்த வளையம் ஃபெரைட் என்னும் பொருளால் ஆனது. இரும்பு ஆக்சைடுடன் வேறு உலோக ஆக்சைடுகளைக் கலந்து, நம் மண்சட்டியைப் போலச் சூளையில் சுட்டெடுப்பது. 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் லெஸ்டர் ஹோகன் என்பவர், காந்தத்தின் பிடியிலுள்ள ஃபெரைட்டைக் கொண்டு நுண்ணலைகளை ஒரே திசையில் போகச் செய்யும் வழியை விளக்கினார். சர்க்குலேட்டர் என்னும் கருவி அவ்வழியில் வளர்ந்தது.

அதை வட்டச்சாலை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஒலிபரப்பியிலிருந்து வரும் அலை முதல் வாசலில் நுழைந்து ஏரியல் வாசலில் வெளியேறும். ஏரியலில் வரும் அலை அடுத்த வாசலாகிய வாங்கிக்குப் போகும். எதிர்த்திசையில் போக முடியாது. அனுப்புவது பல வாட். வந்து சேருவதோ ஒரு வாட்டில் கோடி கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கலாம். அதனால்தான் வாங்கியின் முகப்பில் வடிகட்டியும் வேண்டும். தேவையான அலைவரிசையை மட்டும் விடும் அந்த வடிகட்டி 1915 வாக்கிலேயே அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் உருவானது.

தோட்டத்தில் என்னிடம் படித்த ஒருத்தி, பின்னாளில் தீவில் ஒரு தொழிற்சாலைச் சோதனை மேசையில் இருந்தாள். ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் வேண்டிய கருவி, அனுப்பும்போதெல்லாம் செவிடானது. இரண்டு வடிகட்டிகளை மாற்றினார்கள், பயனில்லை. பிறகு சர்க்குலேட்டர்மீது பழி விழுந்தது. ஒரு பெட்டி நிறையக் கழிவுக்குப் போக இருந்தது.

அவள் ஒவ்வொரு கட்டமாக அளந்தாள். வடிகட்டிக்குள் தெரிந்த அளவு அலையைச் செலுத்தினாள். மறுபுறம் சரியாகவே வந்தது. அடுத்து, ஏரியலுக்குப் போகும் கம்பியைக் கழற்றி, சர்க்குலேட்டரின் அந்த வாசலில் நேராக 50 ஓம் மாற்றுச்சுமையைப் பொருத்தினாள். செவிடு நீங்கியது. கோளாறு கம்பியின் முனையில்! ஏரியல் பக்கம் அடைபட்டதால், அனுப்பிய அலை திரும்பி வந்து, வட்டச்சாலையின் விதிப்படியே அடுத்த வாசலான வாங்கிக்குள் பாய்ந்திருக்கிறது. சர்க்குலேட்டர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது.

மேற்பார்வையாளர் முதலில் நம்பவில்லை. இன்னும் மூன்று கருவிகளில் அவளே செய்து காட்டினாள். பெட்டி கழிவறையிலிருந்து சாமான் அறைக்குத் திரும்பியது. அடுத்த தொழில்நுட்பப் பயிற்சிக்கு அவள் பெயரும் போயிற்று.