எடியைச் சுற்றி ஆடுபவர்கள்: 'டான்ஸ் ஆஃப் டெத்' உறைப்படமும் ரசிகர் விமர்சனமும்

அயர்ன் மெய்டன் குழுவின் 'டான்ஸ் ஆஃப் டெத்' (2003) இசைத்தொகுப்பின் பாடல்களை மெச்சும் ரசிகர்களிடையே கூட அதன் உறைப்படம் குறித்த சண்டை இன்றும் ஓயவில்லை. மெட்டல் இசை கண்ட மிக மோசமான உறைகளுள் ஒன்று என்பது ஒரு சாராரின் தீர்ப்பு. பாட்டைக் கேள், அட்டையை விடு என்பது மறுசாராரின் பதில். பெருந்தன்மையாகத் தோன்றும் இந்தப் பதில், குழுவின் வரலாற்றுக்கே முரணானது.

1980இல் வந்த முதல் தொகுப்பிலிருந்தே டெரெக் ரிக்ஸ் வரைந்த எடி என்னும் பிணமுக உருவம்தான் குழுவின் முகம். 'பவர்ஸ்லேவ்' (1984) உறையில் எகிப்தியக் கோயிலின் சித்திர எழுத்துகளுக்கு நடுவே மிக்கி மவுஸ் ஒளிந்திருக்கிறது. இண்டியானா ஜோன்ஸ் வந்துபோனதாக ஒரு கிறுக்கலும் உண்டு. 'சம்வேர் இன் டைம்' (1986) உறையின் எதிர்கால நகரத்தில் ஒரு கடிகாரம் 23:58 காட்டும்; பழைய பாடலொன்றை அறிந்தவருக்கே அது பிடிபடும். பன்னிரண்டு அங்குல அட்டையைத் துருவித் துருவிப் பார்க்க ரசிகர்களைப் பழக்கியது குழுவேதான். பழகிய கண் 2003இல் மட்டும் மூடிக்கொள்ள வேண்டும் என்பது என்ன நியாயம்?

அந்தக் கண்ணுக்கு என்ன தெரிந்தது? கறுப்பு அங்கியில் மரணமாக நிற்கும் எடியைச் சுற்றி, முகமூடியணிந்த கணினி உருவங்கள். தோலில் பிளாஸ்டிக் பளபளப்பு. உடல்களில் எடையே இல்லை.

இதற்கு ஆதரவாளர்கள் சொல்லும் வலுவான சமாதானம் ஒன்று உண்டு: மரண நடனத்துக்கு உயிரற்ற உருவங்கள்தானே பொருத்தம்? குழுவின் கிதார் கலைஞர் ஜானிக் கெர்ஸ் தலைப்புப் பாடலுக்குத் தூண்டுதல் பெற்றது இயக்குநர் பெர்க்மனின் 'தி செவன்த் சீல்' படத்தின் இறுதி நடனத்திலிருந்து. அந்த நடனத்தின் வேரோ இடைக்கால ஐரோப்பிய ஓவியங்களில் இருக்கிறது. தாலின் நகரின் நிகுலிஸ்தே தேவாலயத்தில் எஞ்சியிருக்கும் பெர்ன்ட் நோட்கேயின் ஓவியத்தில் போப்பும் பேரரசரும் பேரரசியும் முழு ஆடம்பரத்தோடு நிற்கிறார்கள். அவர்களுக்கிடையே எலும்புருவங்கள் துள்ளுகின்றன. உயிரோடு இருப்பவரை மரணம் இழுத்துப் போவதால்தான் அங்கே அச்சம் பிறக்கிறது. ஆடுபவர்கள் எல்லோருமே ஏற்கெனவே சவமாக இருந்தால் மரணத்துக்கு என்ன வேலை? இந்த உறை தவறுவது இங்கேதான். ரசிகர்களின் முணுமுணுப்பு வெறும் ரசனை வேறுபாடு அல்ல, கலை விமர்சனமே என்று நான் கருதுவதும் இதனால்தான்.

கணினியைக் குறை சொல்லிப் பயனில்லை. 'பிரேவ் நியூ வேர்ல்ட்' (2000) உறையின் கீழ்ப்பாதியில் ஸ்டீவ் ஸ்டோன் கணினியில் உருவாக்கிய லண்டன், மேற்பாதியில் ரிக்ஸ் வரைந்த மேகத்தோடு நன்றாகவே இசைந்தது.

படம் முழுமை பெறாதது என்பது கடைசிச் சமாதானம். ஓவியர் டேவிட் பாட்செட் கேட்டுக்கொண்டபடி அவர் பெயர் தொகுப்பில் இடம்பெறவில்லை. பாடகர் புரூஸ் டிக்கின்சனும் இந்த உறை பற்றிய தன் சங்கடத்தை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இவை விமர்சனத்தைத் தணிப்பதில்லை. அது யாரை நோக்கிப் போக வேண்டும் என்பதைத்தான் மாற்றுகின்றன. முடியாத படத்தை அச்சுக்கு அனுப்பலாம் என்று தீர்மானித்தவர்களே அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.