செரங்கெட்டி குறும்புல் சமவெளி மண்

வட தான்சானியாவில், செரங்கெட்டியின் தென்கிழக்குப் பகுதியில் பரவியுள்ள எரிமலைச் சாம்பல் மண். கெரிமாசி, ஓல் டோய்ன்யோ லெங்காய் முதலிய எரிமலைகள் உமிழ்ந்த சாம்பலைக் கீழைக்காற்று மேற்கே கொண்டுவந்து படியவைத்ததால் உருவானது. லெங்காய், மசாய் மொழியில் ‘கடவுளின் மலை’, 2007-08இலும் சாம்பலைக் கக்கியது.

உருவாக்கம்: இச்சாம்பலில் சோடியம், கால்சியம் கார்பனேட்டுகள் மிகுதி. மலைகளின் மழைமறைவில் உள்ள இப்பகுதியில் மழை குறைவு. பெய்யும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துச் சிறிது ஆழம் இறங்கியதும் வெயிலில் வற்றிவிடுகிறது. அங்கே தங்கும் சுண்ணாம்பு நாளடைவில் சுக்கான் பாறை போன்ற கெட்டித் தளமாக இறுகுகிறது. பல இடங்களில் இது ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே தட்டுப்படும்.

பண்புகள்: மேல்மண் ஆழமற்றது, காரத்தன்மையும் உவர்ப்பும் கொண்டது. கெட்டித் தளத்தை வேர்கள் துளைக்க இயலாததால் மரங்கள் அரிது. குட்டைப் புற்களே தழைக்கின்றன. ஆயினும் அப்புல்லில் கால்சியமும் பாஸ்பரசும் நிறைந்துள்ளன. மழைக்காலத்தில் வைல்டுபீஸ்ட் கூட்டங்கள் கன்று ஈன இங்கு வருவதற்கு இச்சத்து ஒரு முக்கியக் காரணம்.

மாறுபாடு: வடமேற்கே செல்லச் செல்லச் சாம்பலின் தாக்கம் குறைகிறது, மழை கூடுகிறது, உப்புகள் கழுவப்படுகின்றன, மண் ஆழமாகிறது. குறும்புல் படிப்படியாக உயர்புல்லுக்கும், பின்னர் மரங்கள் நிறைந்த புல்வெளிக்கும் இடமளிக்கிறது.