மணமுறிவு ஆவணங்கள்: வேலூர்–ஆம்பூர் தோல் வட்டாரம்

மணமுறிவு ஆவணம்: ஒரு திருமணம் சட்டப்படி முடிந்தது என்று நீதிமன்றம் எழுதிய தீர்ப்பு, அதன் முடிவை மட்டும் சொல்லும் தீர்ப்பாணை, இவற்றின் சான்றிட்ட நகல்கள் ஆகியவற்றுக்குப் பொதுவான பெயர். பேச்சுவழக்கில் ‘டைவர்ஸ் காப்பி’, ‘டிக்ரி காப்பி’. பிறப்பு, இறப்புக்கு இருப்பதுபோல மணமுறிவுக்கென்று தனிப் பதிவேடு தமிழ்நாட்டில் கிடையாது. ஆகவே வழக்கு நடந்த நீதிமன்றத்தின் ஆவண அறைதான் ஒரே மூலம். பாலாற்றுப் பகுதித் தோல் நகரங்களான ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகியவற்றில் இந்தத் தேடல் பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே சிக்கிக்கொள்ளும்: எந்த ஊர் கோர்ட்டு?

கேள்வி நியாயமானதே. ஆம்பூரும் வாணியம்பாடியும் ஒரே ஆற்றங்கரையில், ஒரே ரயில் பாதையில் இருப்பவை. ஆனாலும் 1911 வரை ஆம்பூர் வட ஆர்க்காடு ஜில்லாவின் வேலூர் தாலுகாவிலும், வாணியம்பாடி சேலம் ஜில்லாவின் திருப்பத்தூர் தாலுகாவிலும் இருந்தன. வட ஆர்க்காட்டின் தலைநகரோ அன்று சித்தூர். 1911-ல் சித்தூர் தனி ஜில்லாவான பிறகுதான் தலைநகர் வேலூருக்கு வந்தது. திருப்பத்தூர் தாலுகாவும் வட ஆர்க்காட்டோடு சேர்ந்தது. 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாக உடைந்தபோது ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்கும், மேல்விஷாரம் ராணிப்பேட்டைக்கும் போயின. குடியாத்தமும் பேரணாம்பட்டும் வேலூரிலேயே நின்றன. வருவாய்த்துறை எல்லை மாறிய அன்றே பழைய வழக்குக் கட்டுகளும் இடம் மாறிவிடுவதில்லை. ஒரு குடும்பம் இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதைவிட, தீர்ப்பு வந்த ஆண்டில் வழக்கு எந்த நீதிமன்றத்தில் இருந்தது என்பதே முக்கியம்.

இந்தப் பகுதிக்குப் பொருந்திய எழுத்துவடிவ மணமுறிவுச் சட்டங்களில் முந்தியது மதம் மாறியவர்களுக்கானது. ஸ்கடர் சகோதரர்கள் 1853-ல் அமைத்த ஆர்க்காடு மிஷன் வட ஆர்க்காட்டில் வேரூன்றியிருந்த காலம் அது. கிறிஸ்தவராக மாறியவரை அந்தக் காரணத்துக்காகவே துணை கைவிட்டால், வழக்குத் தொடுத்து மணத்தைக் கலைத்துக்கொள்ள 1866-ம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. மறுக்கும் துணையிடம் நீதிபதி தனியே பேசி மனத்தை அறிய வேண்டும், யோசிக்க ஓராண்டு அவகாசம் தர வேண்டும் என்ற நடைமுறையும் அதில் இருந்தது. மூன்றே ஆண்டுகளில், இங்கிலாந்தின் 1857-ம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி, 1869-ன் இந்திய விவாகரத்துச் சட்டம் வந்தது. மனைவியின் பிறழ்வை மட்டும் காட்டினால் கணவனுக்கு விடுதலை. மனைவியோ கணவனின் பிறழ்வோடு கொடுமை, கைவிடல் போன்ற இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். இந்த ஓரவஞ்சனை 2001 திருத்தம்வரை ஏட்டில் நீடித்தது.

ஆவணம் தேடுவோருக்கு இதே சட்டத்தின் 17-ம் பிரிவும் முக்கியம். மாவட்ட நீதிபதி தரும் விவாகரத்துத் தீர்ப்பாணையை உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும், அதுவும் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு. 2001 திருத்தம் இதை நீக்கியது. அதற்கு முன் வேலூரில் விவாகரத்துப் பெற்ற கிறிஸ்தவர் ஒருவர் கையில் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பாணை மட்டும் இருந்தால், அது பாதி ஆவணம்தான். மறுபாதி சென்னை உயர் நீதிமன்றத்தில் இருக்கும்.

இந்துக்களின் கதை வேறு. பல சாதிகளில் அறுத்துக்கட்டுவதும் தீர்த்துவிடுவதும் வழக்கமாகவே இருந்தன. ஊர்ப் பெரியவர்கள் முன் பேசித் தீர்த்து, பரியத்தைத் திருப்பிக் கொடுத்தால் முடிந்தது. எழுதினால் ஒரு வெள்ளைத்தாள், வசதியிருந்தால் முத்திரைத்தாள். நீதிமன்ற வாசல் திறந்தது மதராஸ் மாகாணத்தின் 1949-ம் ஆண்டு இருதார மணத் தடை மற்றும் விவாகரத்துச் சட்டத்தால். ஆறே ஆண்டுகளில், 1955-ன் இந்து திருமணச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. புதிய சட்டமும் சாதி வழக்கப்படியான மணமுறிவைத் தள்ளிவிடவில்லை. 29-ம் பிரிவு அதைக் காத்தது. ஆனால் அப்படியொரு வழக்கம் தன் சமூகத்தில் உண்டு என்பதைச் சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி முத்திரை குத்தியதை ‘டைவர்ஸ்’ என்று நம்பி மறுமணம் செய்துகொண்டவர்கள், பின்னால் பென்ஷனுக்கோ சொத்துக்கோ போகும்போதுதான் அது செல்லாத தாள் என்று அறிகிறார்கள்.

பரஸ்பர சம்மத விவாகரத்தைக் கொண்டுவந்த 1976 திருத்தம், ஆவணம் பற்றி இரண்டு முக்கியமான விதிகளையும் வைத்தது. விவாகரத்துத் தீர்ப்பாணையின் ஒரு நகலை இரு தரப்புக்கும் நீதிமன்றமே கட்டணமின்றித் தர வேண்டும் என்பது ஒன்று. 23-ம் பிரிவின் 4-ம் உட்பிரிவு. இப்படி ஒரு வரி சட்டத்தில் இருப்பதைக் கட்சிக்காரர்களுக்குச் சொல்வார் அரிது. இரண்டாவது 22-ம் பிரிவு: விசாரணை மூடிய அறையில் நடக்கும், வழக்கு விவரத்தை அனுமதியின்றி அச்சிட்டாலோ வெளியிட்டாலோ ஆயிரம் ரூபாய்வரை அபராதம்.

அமெரிக்காவோடு முரண்படும் இடம் இதுதான். அங்கே பல மாநிலங்களில் கவுண்டி நீதிமன்ற எழுத்தரிடம் பெயரும் ஆண்டும் சொல்லிக் கட்டணம் கட்டினால், சம்பந்தமே இல்லாதவருக்கும் விவாகரத்துத் தீர்ப்பின் நகல் கிடைத்துவிடும். நியூயார்க் போன்ற சில மாநிலங்கள்தான் கதவைச் சாத்தி வைத்திருக்கின்றன. இங்கே நகல் கட்சிக்காரருடையது. மூன்றாம் மனிதர் கேட்டால், ஏன் வேண்டும் என்று பிரமாணப் பத்திரம் போட்டு நீதிபதியின் உத்தரவைப் பெற வேண்டும். சம்பந்தம் பேச வருகிறவர்கள் ‘பையன் ஏற்கெனவே டைவர்ஸ் ஆனவர்’ என்ற பேச்சைக் கோர்ட்டில் போய்ச் சரிபார்க்க முடியாது. பையனிடமே சான்றிட்ட நகலைக் காட்டச் சொல்வதுதான் வழி.

தோல் வட்டாரத்தின் தனித்தன்மை முஸ்லிம்களின் ஆவணங்களில் தெரிகிறது. வேலூரின் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியும், ஆம்பூர் அருகே 1924-ல் தொடங்கிய உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாமும் மார்க்கக் கல்வியில் நாடறிந்த பெயர்கள். நிக்காஹ் என்றாலும் தலாக் என்றாலும் மஹல்லா ஜமாத்தின் தஃப்தரில் (பதிவேட்டில்) எழுதுவது இங்கே பழைய பழக்கம். அரசு காஜி என்ற பதவிக்கு அடிப்படையான 1880-ம் ஆண்டு காஜிகள் சட்டம், முதலில் மதராஸ் மாகாணத்துக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. காஜிக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ எதுவும் இந்தச் சட்டத்தால் கிடைக்காது என்று அதன் 4-ம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. ஆனாலும் காஜி கொடுத்த தலாக் சான்றிதழ் நூறாண்டுக்கும் மேலாக மதிப்புள்ள தாளாகவே புழங்கியது.

அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது 2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம். வழக்கறிஞரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான பதர் சயீத் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் தலைமையிலான அமர்வு, காஜியின் சான்றிதழ் வெறும் கருத்துதான், நீதிமன்றங்களையோ அரசு அலுவலகங்களையோ கட்டுப்படுத்தாது என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முத்தலாக்கைச் செல்லாததாக்கியது. 2019-ல் அது குற்றமாகவும் ஆனது. குலா, அதாவது மனைவி கோரும் மணமுறிவு, கேட்கும் பெண் குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், தனியார் ஷரீஅத் கவுன்சில் சான்றிதழ் தர முடியாது என்று 2023 பிப்ரவரியில் நீதிபதி சி.சரவணன் தீர்ப்பளித்தார். இவற்றுக்குப் பின் ஜமாத் தஃப்தர் சமூகத்துக்குள் ஒரு குறிப்பாக நிற்கிறது. அரசு அலுவலக மேசையில் ஏறுவது நீதிமன்றத்தின் தாள்.

பழைய முஸ்லிம் வழக்குகளைத் தேடுவோர் அடிக்கடி தவறான பதிவேட்டைப் புரட்டுவதும் உண்டு. 1939-ன் முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டப்படி மனைவி தொடுத்தது சாதாரண உரிமையியல் வழக்கு; ஓ.எஸ். வரிசையில்தான் எண் விழுந்திருக்கும். இந்துக்களுடையது எச்.எம்.ஓ.பி., கிறிஸ்தவர்களுடையது ஐ.டி.ஓ.பி. எண்ணுக்கு முன்னால் நிற்கும் இந்த எழுத்துகளே எந்த அலமாரி என்று சொல்லிவிடும்.

1984-ன் குடும்ப நீதிமன்றச் சட்டம் எல்லா மதத்தினரின் மணவழக்குகளையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தது. குடும்ப நீதிமன்றம் அமைந்தபோது அதன் எல்லைக்குள் நிலுவையில் இருந்த வழக்குகள் அங்கே மாறின. முடிந்துபோன கட்டுகள், முன்பு அவற்றை விசாரித்த சார்பு நீதிமன்றத்தின் ஆவண அறையிலேயே இருக்கக்கூடும். இந்து திருமணச் சட்டத்தின் 2003 திருத்தத்துக்குப் பின் மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். அதனால் ஆம்பூரில் நடந்த கல்யாணத்தின் முறிவு சென்னையிலோ ஓசூரிலோ பதிவாகியிருக்கலாம். உயர் நீதிமன்றம் வழக்கை இடம் மாற்றியிருந்தால், கடைசியாகத் தீர்ப்புச் சொன்ன நீதிமன்றத்தில்தான் ஆவணம்.

வேலூரில் நகல் வாங்கும் வேலை சத்துவாச்சாரி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் நடக்கிறது. வழக்கு எண், ஆண்டு, இரு தரப்புப் பெயர்கள், தீர்ப்பு நாள் ஆகியவற்றோடு நகல் மனு போட்டு, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாவிட்டால் பழைய வக்கீலின் குமாஸ்தாவைப் பிடிப்பதுதான் இன்றும் குறுக்குவழி. அவர் டைரியில் எண் இருக்கும். இ-கோர்ட்ஸ் தளத்தில் கட்சிக்காரர் பெயராலோ, 16 எழுத்துள்ள சி.என்.ஆர். எண்ணாலோ தேடலாம். பழைய வழக்குகள் பல அதில் ஏறவில்லை. மணவழக்குகளில் பெயர் மறைந்திருப்பதும் உண்டு.

மனு ஏற்கப்பட்டதும் ஆவண அறையிலிருந்து கட்டு வர வேண்டும். வந்தபின், எத்தனை பக்கம், எவ்வளவு முத்திரைத்தாள் என்று கணக்கிட்டு அறிவிப்புப் பலகையில் பட்டியல் போடுவார்கள். அதைக் கவனிக்காமல் கெடு தாண்டினால் மனு தள்ளுபடி, மறுபடி முதலிலிருந்து. பலர் கோட்டை விடுவது இங்கேதான். நகலில் ஒரு ரப்பர் முத்திரை இருக்கும்: மனு செய்த நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள். அவற்றைப் பேனாவால் நிரப்பியிருப்பார்கள். ஒப்பிட்டவர், சரிபார்த்தவர் கையெழுத்துகளும் உண்டு. மேல்முறையீட்டுக் கெடுவைக் கணக்கிடும்போது, நகல் தயாரிக்க ஆன நாள்களைக் கழிக்க வேண்டும் என்று காலவரையறைச் சட்டம் சொல்வதால் அந்தத் தேதிகளுக்கு மதிப்பு. ஜெராக்ஸில் எல்லாம் தெரிந்தாலும் அது ஜெராக்ஸ்தான். சான்றிட்ட நகலே சாட்சியச் சட்டத்தின் கண்ணில் மூலத்துக்கு நிகர். 1872 சட்டத்தின் 76-ம் பிரிவில் இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 75-ம் பிரிவாகத் தொடர்கிறது.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு நகல் வாங்கிவிடலாம் என்று சொல்வோர் உண்டு. குஜராத் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்தது: நீதிமன்ற விதிகளில் நகல் பெற வழியிருக்கும்போது அதன்படிதான் கேட்க வேண்டும்.

மிகப் பழைய கட்டுகளுக்கு வேறொரு ஆபத்து. 1917-ம் ஆண்டு ஆவண அழிப்புச் சட்டப்படி, தேவை முடிந்த காகிதங்களை அழிக்க உயர் நீதிமன்றம் விதிகள் வகுக்கலாம். தீர்ப்பும் தீர்ப்பாணையும் நீண்ட காலம் காக்கப்படும் பகுதி. மனு, சாட்சியம், கடிதங்கள் போன்றவை அவ்வளவு காலம் நிற்பதில்லை. ஆகவே பாட்டி காலத்து வழக்கில் என்ன முடிவானது என்பது கிடைக்கலாம். யார் என்ன சொன்னார்கள் என்பது கிடைக்காமல் போகலாம். ஜீவனாம்சமோ சொத்தோ கேட்டு வேறு வழக்கு நடந்திருந்தால், அந்தக் கட்டில் இதே தீர்ப்பாணை சான்றாவணமாகக் குறியிடப்பட்டிருக்கவும் கூடும். அனுபவமுள்ள குமாஸ்தாக்கள் அங்கேயும் பார்ப்பார்கள்.

இந்தத் தாளைக் கேட்கும் இடங்கள் பல. ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. நியமனத்தில் கணவர் பெயரை மாற்ற, ரேஷன் கார்டில் பெயர் நீக்க என்று வரிசையாகத் தேவை வரும். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான அரசு ஓய்வூதியத்துக்கு ஐந்தாண்டு பிரிந்திருக்க வேண்டும், அல்லது நீதிமன்றப் பிரிவுச் சான்று வேண்டும். 2023 முதல் அது மாதம் 1,200 ரூபாய். மறுமணத்துக்கோ, மேல்முறையீட்டுக் காலம் முடிந்திருக்க வேண்டும் என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 15-ம் பிரிவு. அதனால் மேல்முறையீடு ஏதும் இல்லை என்ற சான்றையும் சேர்த்துக் கேட்பது வழக்கமாகிவிட்டது. வெளிநாட்டில் காட்டுவதற்கு, 2005-ல் இந்தியா ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்ததிலிருந்து வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் முத்திரை செல்லும். அந்த உடன்படிக்கையில் இல்லாத வளைகுடா நாடுகளுக்கு அவற்றின் தூதரகச் சான்றும் தேவை. இரண்டுக்கும் அடிப்படை, நீதிமன்ற முத்திரை மங்காத சான்றிட்ட நகல்.