ஈகையா, தொழிலா?

வறுமையைத் தீர்க்க வல்லது ஈகையா, தொழிலா என்னும் வினா நம்மிடையே அடிக்கடி எழுகின்றது. கொடுத்துப் பழகியோர் ஈகை என்பர். உழைத்து உயர்ந்தோர் தொழில் என்பர். வாதத்தை விடுத்து வரலாற்றை வினவுவோம். அதற்குப் பழவேற்காட்டைப் போன்று பொருத்தமான ஊர் பிறிதொன்று கிடைப்பது அரிது.

இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், ஏரியும் கடலும் கூடும் இடத்தில் அமைந்தது அவ்வூர். 1613-இல் டச்சுக்காரர் அங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். அதற்கு முன்னரே முஸ்லிம் வணிகர் அத்துறையிலிருந்து கீழை நாடுகளுக்குக் கலம் செலுத்தி வந்தனர். சோழமண்டலக் கரையில் நெய்த துணி மலாய்த் தீவுகளை அடைந்தது. கட்டமிட்ட கைலியை மலாய் மக்கள் இன்றும் ‘காயின் பெலிக்காட்’ என்கின்றனர். ‘புலிக்காட்’ என்று பிறநாட்டார் வழங்கிய பழவேற்காட்டின் பெயரே அது.

தொழில் செழித்தால் வறுமை தானே அகலும் என்போர் இங்குச் சற்று நிற்றல் வேண்டும். துணி ஏறிய அதே துறையில், 17-ஆம் நூற்றாண்டில், மனிதரும் ஏற்றப்பட்டனர். பஞ்சத்தில் வாடிய ஏழைகள் அடிமைகளாக விலைபோயினர். டச்சுக் கப்பல்கள் அவர்களைப் பத்தாவியாவுக்குக் கொண்டு சென்றன. வாணிகம் இருந்தது, செல்வமும் இருந்தது. பசித்தவனுக்கு அதில் பங்கில்லை.

1690-இல் டச்சுக்காரர் தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திற்கு மாற்றினர். சென்னை வளர வளரப் பழவேற்காடு தேய்ந்தது. தொழில் அகன்ற ஊரை ஈகை மட்டும் மீட்டுவிடவில்லை. மேற்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்து, உருக்காலைகளும் இரசாயன ஆலைகளும் பெருகின. ஆயினும் ஆலை வாயிலை எட்ட இயலாத முதியோரும், வீட்டை விட்டகல முடியாத விதவையரும் எங்கும் உளர்.

பனங்குருத்தோலைக்குச் சாயமிட்டுக் கூடையும் பெட்டியும் முடைவது பழவேற்காட்டு முஸ்லிம் பெண்மணிகளின் கைத்தொழில். இத்தகைய தொழிலில் கை தேர்ந்தும் பை நிறையாமைக்குக் காரணம் யாது? ஓலை வாங்க முதல் வேண்டும். விற்கச் சந்தை வேண்டும். இரண்டும் இடைத்தரகர் வசமானால் இலாபமும் அவரிடமே தங்கிவிடும். வங்கதேசத்து ஜோப்ரா கிராமத்தில் மூங்கில் முக்காலி பின்னிய பெண்களின் நிலையும் இதுவே. 1976-இல் பேராசிரியர் முகம்மது யூனுஸ் 42 பேருக்குத் தம் பணத்தில் 27 டாலர் கடனளித்தார். அதிலிருந்து பிறந்ததே 1983-இல் அமைந்த கிராமீன் வங்கி. ஆனால் அத்தகைய சிறுகடனே, இலாபமொன்றே நோக்காகக் கொண்ட நிறுவனங்களின் கையில் அண்டை ஆந்திரத்தில் சுருக்குக் கயிறாயிற்று. கடனாளிகள் உயிரை மாய்த்துக்கொள்ளவே, 2010-இல் அரசு அவசரச் சட்டம் பிறப்பிக்க நேர்ந்தது.

அங்ஙனமாயின் வழி யாது? நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் யாசித்து வந்த அன்ஸாரித் தோழரின் வரலாற்றை நாம் அறிவோம். “உம் வீட்டில் ஏதுமில்லையா?” என வினவினார்கள். ஒரு துணியும் ஒரு குவளையுமே இருந்தன. அவற்றை ஏலமிட்டு இரண்டு திர்ஹம் பெற்றுத் தந்தார்கள். ஒன்றுக்கு உணவு, மற்றொன்றுக்குக் கோடரி. அக்கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே கைப்பிடி இட்டு, விறகு வெட்டி விற்குமாறு பதினைந்து நாள் தவணை தந்தார்கள். அவர் பத்துத் திர்ஹத்துடன் திரும்பி வந்தார்.

இங்கே தர்மமாக ஒரு காசும் தரப்படவில்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. தரப்பட்டவை ஒரு சந்தை, ஒரு கைப்பிடி, ஒரு தவணை. அதே வேளையில், கடும் வறுமையிலும் தாங்கொணாக் கடனிலும் உழல்வோர் கேட்டுப் பெறலாம் என்றும் அன்னார் அருளினார்கள். இயலாதவருக்கு ஈகை உரிமை. இயன்றவருக்கு அது கருவியாக மாறுதல் வேண்டும்.

ஆண்டுதோறும் ரமலானில் அதே கரங்களில் அதே சில்லறையை வைத்து நிறைவுறுகின்றோம். அடுத்த முறை நம் வாயிலில் ஒருவர் வந்து நின்றால், கொடுப்பதற்கு முன் அந்த வினாவைக் கனிவோடு கேட்போமாக: “உம் வீட்டில் என்ன இருக்கின்றது?”