தளர்த்திய மூன்று கம்பிகள்

கடையில் கிட்டார் வாங்கினால் தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி கூட்டித் தருவார்கள். இடக்கை எதையும் தொடாமல் ஆறு கம்பிகளையும் ஒரு முறை மீட்டிப் பாருங்கள். காதுக்கு ஒட்டாது. பேச்சுவார்த்தை இல்லாத ஆறு பேர் ஒரே திண்ணையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

இப்போது ஆறாம் கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். ஐந்தாம் கம்பியை ஏ-யிலிருந்து ஜி-க்கு. முதல் கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு. மற்ற மூன்றையும் தொட வேண்டாம். திரும்ப மீட்டினால் டி, ஜி, டி, ஜி, பி, டி. ஜி-யை ஷட்ஜமாக வைத்துச் சொன்னால் ப, ஸ, ப, ஸ, க, ப. தம்புராவைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கிட்டார் தானே ஒரு சுருதிப் பெட்டியாகிவிடுகிறது.

இதற்கு இன்று ‘ஓப்பன் ஜி’ என்று பெயர். என் கிட்டார் பல வருடங்களாக இந்தச் சுருதியில்தான் நிற்கிறது. கருவியை விட்டுக் கருவிக்குத் தாவி, போன ஊரிலெல்லாம் வேறு பெயர் வாங்கிக்கொண்டு, ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போய்க்கொண்டே இருக்கும் இந்தச் சுருதியின் கதையை யாராவது முழுதாகச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியவன் நான். அதனால் எழுதுகிறேன்.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் நினைவிலிருந்து அமெரிக்க மண்ணில் பிறந்த கருவி பாஞ்சோ. ஐந்து கம்பிப் பாஞ்சோவில் இன்றும் பெரும்பாலோர் வைக்கும் சுருதி ஜி, டி, ஜி, பி, டி. அதாவது இதே குடும்பம். கிட்டார் பக்கம் எழுத்தில் கிடைக்கும் தடயம் 1860-ஐச் சேர்ந்தது. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் சின்சினாட்டியில் இசை கற்பித்த ஹென்றி வொரல், ‘ஸ்பானிஷ் ஃபண்டாங்கோ’ என்ற சிறு துண்டை அச்சிட்டார். அதற்குக் கிட்டாரை ஓப்பன் ஜி-யில் கூட்ட வேண்டும். வரவேற்பறையில் உட்கார்ந்து வாசிக்கும் பெண்பிள்ளைகளுக்கான எளிய பாடம் அது. அதே ஆசிரியரின் இன்னொரு துண்டு ‘செபாஸ்டபோல்’, ஓப்பன் டி-யில். கிரிமியப் போரில் முற்றுகையிடப்பட்ட நகரத்தின் பெயர்.

இந்த இரண்டு தாள்களும் தென்மாநிலங்களுக்குள் இறங்கின. தாள் தொலைந்தது, சுருதி தங்கியது. ஜி சுருதிக்கு ‘ஸ்பானிஷ்’ என்றே பெயர் நிலைத்தது. செபாஸ்டபோல் வாய் மாறி ‘வெஸ்டபோல்’ ஆயிற்று. வட கரோலினாவில் பிறந்த எலிசபெத் காட்டன் என்ற கறுப்பினப் பெண்மணி, இடக்கைப் பழக்கத்தால் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தவர். 1958-இல் வந்த தன் முதல் இசைத்தட்டில் அந்தப் பழைய துண்டையும் வாசித்திருக்கிறார். தட்டில் அதன் பெயர் ‘ஸ்பானிஷ் ஃபிளாங் டாங்’. நூறு வருடம் வாய்வழியாக வந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மிசிசிப்பியின் பருத்திக்காட்டுத் தொழிலாளிகள் கைக்கு வந்ததும் சுருதியின் குணம் வெளிப்பட்டது. தபாலில் வரவழைத்த மலிவுக் கிட்டார், உடைத்த பாட்டிலின் கழுத்து அல்லது மடக்குக் கத்தி, இவ்வளவுதான் கருவிகள். சாதாரணச் சுருதியில் ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டை, மெட்டுக்கு மெட்டு நகர்த்த நான்கு விரலும் வலிக்க வலிக்க அழுத்த வேண்டும். ஓப்பன் ஜி-யில் ஐந்தாம் மெட்டின் மேல் பாட்டில் கழுத்தைக் குறுக்கே வைத்தால் ஷட்ஜம் மத்தியமத்துக்கு நகர்ந்துவிடும். ஏழாம் மெட்டில் வைத்தால் பஞ்சமத்துக்கு. பாட்டின் மூன்று தூண்களும் கண்ணாடித் துண்டு ஒன்றிலேயே கிடைத்துவிட்டன.

ஆனால் வசதி மட்டும் காரணமில்லை. அந்தத் தொழிலாளிகளின் பாட்டான ப்ளூஸைப் பாடுபவரின் காந்தாரம் சாதாரண காந்தாரமும் அல்ல, அந்தர காந்தாரமும் அல்ல. இரண்டுக்கும் நடுவே, பாடுகிற வரியின் வலிக்கேற்ப அசையும். மெட்டின் மேல் விரலை அழுத்தினால் அந்த இடம் கைக்கு வராது. மெட்டைத் தொடாமல் கம்பியின் மேலேயே வழுக்கிப் போகும் கண்ணாடிக்கு வரும். கீழே மூன்று கம்பிகளும் ப-ஸ-ப என்று ஆதாரம் பிடித்துக்கொண்டிருக்க, இரண்டாம் கம்பியில் காந்தாரம் அழும். கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு இந்த நுட்பம் உடனே பிடிபடும். மெட்டே இல்லாத தந்தியின் மேல் மரக்கட்டையை ஓட்டி நம் வித்வான்கள் கமகம் காட்டுவதும் இதே வழியில்தான்.

சார்லி பேட்டன், சன் ஹவுஸ், ராபர்ட் ஜான்சன் என்ற ப்ளூஸ் கலைஞர்கள் எல்லோரும் ‘ஸ்பானிஷ்’ சுருதியில் வாசித்தவர்கள். ஜான்சன் 1936-லும் 1937-லும் பதிவு செய்தவை 29 பாடல்கள். 1938-இல் 27 வயதில் இறந்துபோனார். 1941 ஆகஸ்டில் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் பதிவுக்கருவியோடு ஸ்டோவல் பண்ணைக்குப் போனபோது, அங்கே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மடி வாட்டர்ஸ் வாசித்ததும் பாட்டில் கழுத்தை வைத்துத்தான். பதிவைத் திரும்பப் போட்டுக் காட்டியதும் தன் குரலைத் தானே கேட்டார். இரண்டு வருடத்தில் பண்ணையை விட்டு சிகாகோவுக்கு ரயிலேறினார்.

இதற்கெல்லாம் வெகு முன்பே பசிபிக் கடல் நடுவே இன்னொரு கதை தொடங்கியிருந்தது. 1793-இல் ஆங்கிலேய மாலுமி வான்கூவர் ஹவாய் அரசருக்கு மாடுகளைப் பரிசளித்தார். அவை பெருகி, காட்டு மாடுகளாகித் தோட்டங்களை அழிக்கத் தொடங்கின. அடக்கத் தெரிந்தவர்கள் வேண்டுமே என்று 1832 வாக்கில் அப்போது மெக்சிகோவுக்குச் சொந்தமான கலிபோர்னியாவிலிருந்து மாட்டுக்காரர்களை அழைத்தார்கள். அவர்கள் திரும்பிப் போனபோது கிட்டார்கள் தீவில் தங்கிவிட்டன என்பது ஹவாய்க்காரர்கள் சொல்லும் வரலாறு. சுருதி கூட்டக் கற்பித்தவர்கள் ஊர் போய்விட்டார்கள். தீவுக்காரர்கள் தங்கள் பாட்டுக்குத் தோதாகக் கம்பிகளைத் தளர்த்தினார்கள். அந்த வாசிப்பு முறையின் பெயரே ‘கீ ஹோஆலு’: தளர்த்திய சுருதி. பல விதங்களில் அதிகம் புழங்குவது டி, ஜி, டி, ஜி, பி, டி. அதை அவர்கள் ‘டாரோ பேட்ச்’ என்கிறார்கள். டாரோ என்றால் நம் வீட்டுச் சேப்பங்கிழங்குதான். சேம்பு வயல் சுருதி! எனக்கு இந்தச் சுருதியின் எல்லாப் பெயர்களிலும் இதுவே மிகவும் பிடித்தது.

ஹவாயில் ஒவ்வொரு குடும்பமும் தன் சுருதியை இரகசியமாகக் காத்தது. வாசித்து முடித்ததும் அடுத்தவர் கண்டுபிடித்துவிடாதபடி கம்பிகளைக் கலைத்துவிட்டு எழுந்தவர்கள் உண்டு. பகலில் ஹொனலுலுவில் சாலை வேலை, மாலையில் கிட்டார் என்று வாழ்ந்த கேபி பஹினுயி 1940-களில் ‘ஹீலாவே’ பாடலைப் பதிவு செய்த பிறகுதான் அந்த இசை வீட்டு வாசலைத் தாண்டியது.

அதே தீவில் ஜோசப் கெகுகு என்ற பள்ளி மாணவர், 1889 வாக்கில், கிட்டாரை மடியில் கிடத்தி இரும்புத் துண்டால் வழுக்கி வாசிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். ஆரம்பகால ஹவாய் ஸ்டீல் கிட்டாரின் வழக்கமான சுருதி ஈ, ஏ, ஈ, ஏ, சி ஷார்ப், ஈ. பெயரைப் பார்த்துப் புதிதென்று நினைக்க வேண்டாம். ஒரு முழுச்சுரம் தூக்கிவைத்த அதே ப, ஸ, ப, ஸ, க, ப. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவே இந்த ஒலிக்கு மயங்கியது. 1940-களில் டௌ மோ என்ற கலைஞர் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார், கற்பித்தார். ஹவாய் கிட்டார் வங்க வீடுகளுக்குள்ளும் இந்திப் படப் பாட்டுக்குள்ளும் நுழைந்தது. பிரிஜ் பூஷன் காப்ரா அதில் ராகம் வாசித்தார். விஷ்வ மோகன் பட் கிட்டாரில் அனுசுரத் தந்திகளைச் சேர்த்து மோகன வீணை செய்தார்.

பிரிந்து போன இந்தக் கிளைகளை ஒருவர் கை மீண்டும் தொட்டது. கலிபோர்னியாவின் ரை கூடர். 1960-களின் கடைசியில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸுக்கு ஓப்பன் ஜி கிடைத்தது இவர் மூலம். ரிச்சர்ட்ஸ் தன் சுயசரிதையில் அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் ஆறாம் கம்பியையே கழற்றிவிட்டார். மிச்சம் ஜி, டி, ஜி, பி, டி: பாஞ்சோவின் அதே வரிசை! 1969-இன் ‘ஹாங்கி டாங்க் விமன்’, 1971-இன் ‘பிரவுன் ஷுகர்’ இரண்டும் அந்த ஐந்து கம்பிகளில் பிறந்தவை. குழுவின் பெயரே மடி வாட்டர்ஸின் பாட்டிலிருந்து எடுத்தது என்பதை நினைத்தால், பண்ணையில் டிராக்டர் ஓட்டியவருக்கு இந்த உலகம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்று நெஞ்சு கனக்கிறது.

1975-இல் கூடர் ஹவாய் போய் கேபி பஹினுயியோடு வாசித்தார். 1992-இல் கலிபோர்னியாவில் விஷ்வ மோகன் பட்டோடு உட்கார்ந்தார். இருவரும் முதன்முதலாகச் சந்தித்ததே பதிவுக்குச் சற்று முன்னால்தான். இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்ஸாண்டர் தயாரித்த ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ என்ற அந்த இசைத்தட்டு 1994-இல் கிராமி விருது பெற்றது. அதில் ஒரு துண்டின் பெயர் ‘கேஞ்சஸ் டெல்டா ப்ளூஸ்’. மிசிசிப்பிக் கரையின் வழுக்கலும் கங்கைக் கரையின் வழுக்கலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றையொன்று விசாரித்துக்கொள்வதை அதில் கேட்கலாம்.

உங்கள் வீட்டிலும் வகுப்பைப் பாதியில் நிறுத்தியதால் அலமாரி மேல் தூசி படிந்த ஒரு கிட்டார் இருக்கக்கூடும். இறக்கித் துடையுங்கள். ஆறாம் கம்பி டி-க்கு, ஐந்தாம் கம்பி ஜி-க்கு, முதல் கம்பி டி-க்கு. முறுக்கவில்லை, தளர்த்துகிறோம், அறுந்துவிடும் என்ற பயம் வேண்டாம்.

பிறகு இடக்கையை மடியில் வைத்துக்கொண்டு, வலக்கைக் கட்டைவிரலால் ஒரே ஒரு முறை மேலிருந்து கீழே மீட்டுங்கள்.