பர்க்கிட் லிம்ஃபோமா

பர்க்கிட் லிம்ஃபோமா வெள்ளணுக்களில் ஒருவகையான பி செல்களில் தோன்றும் நிணநீர்ப் புற்றுநோய். பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இதைப் போல விரைவாக வளரும் கட்டி வேறு அரிது. ஒன்றிரண்டு நாளிலேயே இருமடங்காகிவிடும். தாடையில் வரும் நோய் என்றுதான் முதலில் பெயரெடுத்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே அது அதிகமாகக் குடிகொள்வதோ வயிற்றில்: சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்திலும், குடலைத் தாங்கிநிற்கும் சவ்வின் நிணநீர்க்கணுக்களிலும்.

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்பது வீட்டுப் பாட்டிகளுக்கும் தெரிந்த சங்கதி. அப்படி வீங்குவது நிணநீர்க்கணுதான். அதே கணுக்கள் வயிற்றுக்குள்ளும் ஏராளம். அங்கே வீங்கினால், பெரிதாகும்வரை கைக்குத் தட்டுப்படாது.

நோயின் கதை உகாண்டாவில் தொடங்குகிறது. 1957இல் கம்பாலா நகரின் முலாகோ மருத்துவமனையில், ஹியூ ட்ரோவெல் என்ற மருத்துவர் ஒரு சிறுவனைக் காட்டி அறுவை மருத்துவர் டெனிஸ் பர்க்கிட்டிடம் கருத்துக் கேட்டார். சிறுவனின் மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டும் இருபுறமும் வீங்கியிருந்தன. சில வாரங்களில் ஜிஞ்சா ஊரிலும் அதே முகத்தோற்றத்துடன் ஒரு குழந்தையைப் பர்க்கிட் கண்டார். பழைய பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டியபோது, தாடைக் கட்டியுள்ள குழந்தைகளுக்குச் சிறுநீரகம், கல்லீரல் என வயிற்றுக்குள்ளும் கட்டிகள் இருந்தது தெரிந்தது. தனித்தனி நோய்களாகப் பதிவானவை எல்லாம் ஒரே நோய். 1958இல் அவர் எழுதிய கட்டுரை இதைச் சார்கோமா என்ற வேறுவகைப் புற்றாகவே குறித்தது. லிம்ஃபோமா என்று அடையாளம் கண்டவர்கள் பிறகு வந்த நோய்க்குறியியலாளர்கள்.

பர்க்கிட் அயர்லாந்துக்காரர். சிறுவயது விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர். மிச்சமிருந்த கண்ணுக்கு எதுவும் தப்பவில்லை. 1961இல் இரு நண்பர்களுடன் பழைய ஃபோர்டு வண்டியொன்றில் ஏறி, பத்து வாரங்களில் ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர் சுற்றினார். மருத்துவமனை மருத்துவமனையாக இறங்கி, நோயாளிகளின் படத்தைக் காட்டி, ‘இப்படி யாராவது வந்ததுண்டா?’ என்று விசாரித்ததுதான் ஆய்வுமுறை. கிடைத்த விடைகளை வரைபடத்தில் குறித்தபோது, வெப்பமும் மழையும் மிகுந்த தாழ்நிலங்களில் மட்டும் நோய் மொய்த்திருந்தது. குளிர்ந்த மேட்டுநிலங்களில் இல்லை. கொசு வாழும் நிலத்தின் வரைபடமும் அதுவே.

அந்தப் பயணத்துக்கு முன்பே, அதே ஆண்டு மார்ச்சில் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பர்க்கிட் ஆற்றிய உரையை வைரஸ் ஆய்வாளர் ஆண்டனி எப்ஸ்டைன் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டியில் வைரஸ் இருக்க வேண்டும் என்று எப்ஸ்டைனுக்குப் பட்டது. உகாண்டாவிலிருந்து வந்த மாதிரிகளில் ஆண்டுக்கணக்காகத் தேடியும் ஒன்றும் சிக்கவில்லை. 1963 டிசம்பரில் மூடுபனியால் ஒரு விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட, தாமதமாக வந்த மாதிரியின் திரவம் கலங்கிக் கிடந்தது. கெட்டுப்போனது என்று கொட்டாமல் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கலங்கலாகத் தெரிந்தவை உயிரோடு மிதந்த கட்டிச் செல்கள். அவற்றை வளர்த்து, யுவான் பார், பெர்ட் அச்சாங் ஆகியோருடன் 1964இல் அறிவித்ததுதான் எப்ஸ்டைன்-பார் வைரஸ். மனிதப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்பட்ட முதல் வைரஸ் இது. வைரஸோடு, கொசு பரப்பும் மலேரியாவும் சேர்ந்துகொள்கிறது. மலேரியா திரும்பத் திரும்பத் தாக்கும்போது பி செல்கள் ஓயாமல் பெருகுகின்றன. அந்தக் களேபரத்தில் 8ஆம் குரோமோசோமின் மிக் மரபணு, பெரும்பாலும் 14ஆம் குரோமோசோமுக்கு, இடம் மாறி அடங்காமல் இயங்கத் தொடங்குகிறது.

நோயில் மூன்று வகை: ஆப்பிரிக்க வகை, பிற நாடுகளில் ஆங்காங்கே தோன்றும் வகை, எச்ஐவி போன்ற எதிர்ப்பாற்றல் குறைவோடு வருவது. ஆப்பிரிக்க வகையில் ஏறக்குறைய எல்லாக் கட்டிகளிலும் அந்த வைரஸ் இருக்கும். இரண்டாம் வகையில் சிறு பங்கில்தான். வயிற்றுக்கணுக்களில் மிகுதியாகக் காண்பது இந்த இரண்டாம் வகையே. இதில் வயிறு உப்பும், வலிக்கும், வாந்தி வரும். வலது அடிவயிற்று வலியைக் குடல்வால் அழற்சி என்று நினைத்து அறுவை செய்யும்போது கட்டி தெரியவருவதும் உண்டு. சில குழந்தைகளுக்குக் கட்டியால் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்ளும். திசுப் பரிசோதனையில் கருத்த செல்களுக்கிடையே வெளிர் செல்கள் சிதறிக் கிடப்பதை மருத்துவர்கள் விண்மீன் வானம் என்கிறார்கள். கொடிய நோய்க்கு இவ்வளவு அழகான பெயர்!

அறுவை செய்து அகற்றுவது இதற்குத் தீர்வல்ல. வேகமாகப் பிரியும் செல்லை மருந்தும் வேகமாகக் கொல்லும். கதிர்வீச்சு வசதியற்ற கம்பாலாவில் சைக்ளோபாஸ்பமைடு மருந்தாலேயே கட்டிகள் கரைந்ததைப் பர்க்கிட் பார்த்தார். கரையும் வேகமும் ஆபத்துதான்: செத்த செல்களின் யூரிக் அமிலமும் பொட்டாசியமும் சிறுநீரகத்தை முடக்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே நிறையத் திரவம் ஏற்றுகிறார்கள். கூட்டு மருந்துகளில் ஒன்றான வின்கிரிஸ்டின், தென்தமிழக மானாவாரி நிலங்களிலும் பயிராகும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது.

இப்போது ரிட்டக்சிமாப் என்ற மருந்தும் சேர்ந்த சிகிச்சையால் வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். நோய் முதலில் அடையாளம் காணப்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் அந்த விகிதம் வெகு குறைவு.